புகைக்குழாய் எந்தப் பக்கம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். போன வாரம் லிஃப்டில் செயலாளரைப் பார்த்தபோது, "சார், உங்கள் பயண அனுபவத்தைப் பற்றிக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்றார். நயாகரா பார்த்தோம், சிகாகோ பார்த்தோம். அந்தப் படங்கள் எல்லாம் என் வீட்டம்மா புண்ணியத்தில் ஏற்கெனவே உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டன. அதனால் வேறு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு நாங்கள் சைலன்சர் மாற்றிய கதை. சிரிக்காதீர்கள். கடைசியில் அது நம் பார்க்கிங்கில்தான் வந்து முடியப்போகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன், வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். லெட்ஜரைத் தவிர வேறு எதையும் பிரித்துப் பார்த்ததில்லை. இந்த வேலையில் என் பங்கு, வண்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்ததும், கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததும்தான். மற்றதெல்லாம் மகனும் அவனுடைய நண்பரும் செய்தார்கள்.

மகன் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில். அது கார் கம்பெனிகளின் ஊர். பிக்கப் என்றால் நம் ஊரில் காய்கறி மூட்டையும் சிலிண்டரும் ஏற்றுகிற வண்டி. அங்கே அது குடும்பத்துக்கே உரிய வண்டி. ஃபோர்டு எஃப் வரிசைதான் 1977 முதல் அந்த நாட்டில் மிக அதிகமாக விற்கும் பிக்கப். மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருப்பது 2001 மாடல் எஃப்-150. 5.4 லிட்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நம் சின்ன கார்கள் நான்கைந்தின் இன்ஜினைச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும்.

அந்த ஊரில் வண்டிகளுக்குப் பெரிய எதிரி உப்பு. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 1,000 அடிக்கும் கீழே, ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பாகத்தில் தெறித்துத் தெறித்து இரும்பைத் தின்றுவிடுகிறது. மகனுடைய வண்டியில் சைலன்சரும், அதற்குப் பின்னால் போகும் டெயில் பைப்பும் அப்படித்தான் போய்விட்டன. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

கெடுதல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறும் வரை ஓடினால் அது புகையோடு வெளியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டால் சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும். தெருமுனைக் காய்கறிக் கடைக்கு மட்டும் காரை எடுப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். காலையில் டெயில் பைப்பில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது இதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். பட்டறையில் விசாரித்தோம். கம்பெனி அமைப்பு எப்படியோ அதே மாதிரி, பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறி, வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வருகிற மாதிரி போட 620 டாலர் என்றார்கள். மகனுக்கு வேறு யோசனை. குழாயை ஆக்சில் வரைக்கும் கொண்டுபோகவே வேண்டாம். சைலன்சரைத் தாண்டியதும் வலது பக்கம் திருப்பி, பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே விட்டுவிடலாம். அங்கே இளைஞர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். குழாயின் நீளம் குறையும், வளைவுகள் குறையும், கையாலேயே செய்துவிடலாம். எல்லாம் சேர்த்து 240 டாலர்தான் வரும் என்று கணக்குப் போட்டான். கணக்கைப் பார்த்ததும் நானும், "அப்படியே செய்துவிடுடா" என்றேன். அதில் எழுதாமல் விட்ட செலவு ஒன்று இருந்தது. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நம் இளைஞர்களுக்குப் பயன்படும்.

துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் முதல் நாள் இரவே எண்ணெய் ஸ்பிரே அடித்து ஊறவிட்டார்கள். மறுநாள் வண்டியை ஜாக்கால் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்தார்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இதை மகனுடைய நண்பர் எனக்கே இரண்டு முறை சொன்னார், நான் அடியில் போகவே போகாதவன் என்றாலும்.

இன்ஜினிலிருந்து வரும் குழாயில் முதலில் இருப்பது கேடலிட்டிக் கன்வெர்ட்டர். புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிற பெட்டி அது. அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. அதைக் கழற்றி எறிவது அந்த நாட்டில் சட்டவிரோதம். எனவே அதைத் தொடாமல், அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் அறுத்து எடுத்தார்கள்.

புதுக் குழாய் 2.5 அங்குல விட்டம். "இன்னும் பெரிசாகப் போட்டால் பவர் கூடாதா?" என்று கேட்டேன். அளவுக்கு மேல் பெரிதாகப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, மெதுவாகப் போகும்போது இழுவைதான் குறையும் என்றான். கம்பெனி நிலையில் இருக்கிற இன்ஜினில் பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றிப் பெரிய சக்தி எதுவும் வந்துவிடாது என்பதையும் அவனே ஒப்புக்கொண்டான். வருவது சத்தம்தான்.

இடது பக்கம் பெட்ரோல் டேங்க் இருந்ததால் குழாயை வலது பக்கம்தான் திருப்ப முடிந்தது. பிரேக் பைப், பெட்ரோல் பைப், வயர், டயர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, சேஸிஸுக்கு அடியில் கொண்டுபோனார்கள். எதையும் இறுக்காமல் முதலில் எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்திப் பார்த்தார்கள். இன்ஜின் முறுக்கும்போது குழாயும் ஆடும், சூட்டில் நீளும் என்பதால் ரப்பர் தொங்கல்களில் மாட்டினார்கள். வெல்டிங் செய்யும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார்கள். குழாயின் வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சமாவது வெளியே வர வேண்டும், பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்கள். பாடிக்கு அடியிலேயே வாய் முடிந்தால் புகை அங்கேயே தேங்கி, கதவு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே ஏறும்.

கடைசியில் இன்ஜினை ஓட்டி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். குமிழி வந்தால் கசிவு. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். ஒரு முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு கிளாம்புகளை மறுபடியும் இறுக்கினார்கள். வேலை சுத்தம். நானும் பெருமையாக நாலு போட்டோ எடுத்தேன்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் கனமாக, நன்றாகத்தான் இருந்தது. பேத்தி கைதட்டினாள். மகன் போட்டிருந்தது புகை நேராக ஊடுருவிப் போகிற வகை சைலன்சர். விலை குறைவு, அடக்குகிற சக்தியும் குறைவு. அந்தச் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பெட்ரோல் வெடிக்கிறது. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 650 சுற்று என்றால் வினாடிக்கு 43 வெடிப்பு. தாழ்ந்த, உறுமுகிற ஒலி. கீச்சென்ற சத்தத்தை ஜன்னலை மூடித் தடுத்துவிடலாம். இந்தத் தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி வரும். காதில் கேட்பதைவிட நெஞ்சில் தெரியும். கல்யாண மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குப் பாட்டு கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும் இல்லையா, அது மாதிரி.

மகன் வேலைக்குக் கிளம்புவது காலை ஐந்தரை மணி. அக்டோபர் மாதக் குளிர். கண்ணாடியில் படிந்த பனி விலக, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே வந்து காபி குடிப்பான். பத்து நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடும்.

வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் வலது பக்கத்து வீட்டுக்கும் நடுவே, பின்னால் இருக்கும் கராஜ் வரைக்கும் வண்டிப் பாதை. தெருவிலிருந்து நேராக உள்ளே விட்டு நிறுத்தினால், வண்டியின் வலது பக்கம் பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்கும். பழைய குழாய் வண்டியின் வாலில், தெருப் பக்கம் முடிந்தது. புதுக் குழாய் முடிந்த இடம் வண்டியின் நடுப்பகுதி. அதற்கு நேர் எதிரே, ஏழெட்டு அடியில், பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல்.

ஐந்தாவது நாள், சனிக்கிழமை. நானும் மகனும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, "வெல்டிங் நன்றாக வந்திருக்கிறதே" என்று பாராட்டினார். தான் இளம் வயதில் வைத்திருந்த பிக்கப்பைப் பற்றிச் சொன்னார். கிளம்பும்போதுதான், கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "என் மனைவிக்கு நுரையீரலில் நோய். இரவெல்லாம் ஆக்சிஜன் இயந்திரம் வைத்துத்தான் தூங்குகிறாள். விடியற்காலையில்தான் அவளுக்குக் கொஞ்சம் கண் அயரும். வண்டி கிளம்பும்போது எழுந்துவிடுகிறாள். அறைக்குள் வாசனையும் வருகிறது. ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள்."

குரலை உயர்த்தவில்லை. போலீஸ், சங்கம் என்று எதையும் சொல்லவில்லை. ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாசனையைப் பற்றி அவர் சொன்னதுதான் முக்கியம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது கன்வெர்ட்டரும் குளிர்ந்துதான் இருக்கும். அது சில நூறு டிகிரி சூடு ஏறிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே ஒரு வண்டி விடுகிற புகையில் மிக மோசமானது முதல் சில நிமிடப் புகைதான். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்காக இயந்திரம் வைத்துப் படுத்திருக்கும் ஒரு அம்மாளின் ஜன்னலுக்கு நேராக, அந்தப் புகையைத்தான் தினமும் பத்து நிமிடம் விட்டிருக்கிறோம்.

அன்று இரவே மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். இனிமேல் வண்டியை ரிவர்ஸில் நிறுத்துவது. அப்போது வலது பக்கம் எங்கள் வீட்டைப் பார்த்து இருக்கும். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் இருப்பது விருந்தினர் அறை. விருந்தினர் யார்? நானும் என் வீட்டம்மாவும்.

கட்டிலே அதிர்ந்தது. வீட்டம்மா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, ஏதாவது தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாள் பொறுத்தோம். மூன்றாம் நாள் நானே மகனிடம் சொன்னேன்: "டேய், இது சரிவராதுடா."

வங்கியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. வண்டியிலிருந்து வெளியேறுகிற சத்தமும் புகையும் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை, யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்காருகின்றன. நாங்கள் செய்ததெல்லாம் அந்தப் பற்றை ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து இன்னொரு வீட்டுக் கணக்குக்கு மாற்றியதுதான். என் கணக்கில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு பட்டறைக்கே போனோம். உள்ளே அறைகள் வைத்துச் சத்தத்தை அடக்குகிற பெரிய சைலன்சர் ஒன்றைப் போட்டு, குழாயை ஆக்சிலுக்கு மேலே கொண்டுபோய், பழையபடியே வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே விட்டார்கள். 390 டாலர். முன்பு செலவழித்த 240-ஐயும் சேர்த்தால் 630. முதலில் பட்டறையில் கேட்ட 620-ஐவிட 10 டாலர் அதிகம். சேமித்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மறுபடி நேராக நிறுத்தத் தொடங்கினான். குழாயின் வாய் இப்போது தெருப் பக்கம், ஜன்னலைத் தாண்டி இருந்தது. பத்து நிமிடம் ஓடவிடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டான். இந்தக் கால இன்ஜின்களுக்கு அது தேவையே இல்லையாம். கண்ணாடியைக் கையால் சுரண்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். ஒரு வாரம் கழித்துப் பெரியவரை வேலிக்கு அருகில் பார்த்தேன். "தூங்குகிறாள்" என்று ஒரே வார்த்தை சொன்னார். என் வீட்டம்மா அன்று அவர்கள் வீட்டுக்கு ரவா கேசரி கொடுத்து அனுப்பினாள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்று இருக்கின்றன. அதில் விதி 112, புகை கீழ்நோக்கியோ வண்டியின் இடது பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்கிறது. ஏன் இடது பக்கம்? நாம் இடது ஓரமாக ஓட்டுகிறோம். இடது பக்கம்தான் நடந்து போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், வீட்டு வாசல்கள். சட்டம் எழுதியவர்கள் குழாயைப் பற்றி யோசித்தபோதே அதன் எதிரில் நிற்கிறவரைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் சிலர் பைக்கில் சைலன்சரை மாற்றியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்காக நான் வரவில்லை, என் மகனும் அதே ஆசைக்காரன்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன்படி, சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் போகும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியின் அளவு 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தம்பிகளே, ஒரே ஒரு நாள் உங்கள் பைக்கை நண்பரிடம் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் உங்கள் படுக்கையறையில் படுத்துக் கேளுங்கள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது.

பைக்கை மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் அது நியாயம் இல்லை. என் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து என் காரை ரிவர்ஸில்தான் நிறுத்தி வந்தேன். காலையில் எடுக்கச் சுலபம் என்று. செவ்வாய், வெள்ளி கோயிலுக்குக் காலை ஐந்து மணிக்கே எடுப்பேன். ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, வீட்டம்மா லிஃப்டில் இறங்கி வரும் வரை ஓடவிடுவேன். என் காரின் டெயில் பைப்புக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த மறுநாள்தான் போய்ப் பார்த்தேன். நான்கடி தூரத்தில் தரைத்தள வீட்டின் ஜன்னல். அந்த வீட்டு அம்மா இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து காரை நேராகத்தான் நிறுத்துகிறேன். வெளியே எடுக்கும்போது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, பரவாயில்லை.

தரைத்தள ஜன்னலை ஒட்டிப் பார்க்கிங் இருக்கிறவர்கள் இன்றைக்குக் கீழே இறங்கும்போது உங்கள் டெயில் பைப் எதைப் பார்த்து இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முடிந்தவர்கள் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். திருப்ப முடியாதவர்கள், ஆள் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்து போன் பேசுவதை எல்லோருமே விட்டுவிட வேண்டும். மூடின இடம் அது, குழந்தைகள் சைக்கிள் விடுகிற இடமும் அதுதான். இதற்குத் தீர்மானமோ அபராதமோ வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பெரியவர் மாதிரி ஒருவர் வந்து நேரில் சொன்னால் போதும், நாம் கேட்டுக்கொள்வோம்.

மாடியில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் போவது இயல்பு. எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போய் 630 டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன்.